நெகிழிப் பரப்பும் குருதியும்: மருத்துவப் பொருள்களின் குருதி ஒவ்வுமைக்கான மேற்பரப்பு மாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

குருதியைத் தொடும் மருத்துவக் கருவிகள் பலவும் நெகிழிகளால் ஆனவை. வலிமை, வளையுந்தன்மை, விலை ஆகியவற்றுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இப்பொருள்களின் பரப்பு குருதியுறைதலைத் தூண்டுகிறது. பொருளின் உட்பகுதியைத் தொடாமல், வெளியடுக்கில் சில நானோமீட்டர் ஆழத்தை மட்டும் மாற்றியமைப்பது இச்சிக்கலுக்கான தீர்வாகப் பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. குருதி ஒரு நெகிழிப் பரப்பை எவ்வாறு எதிர்கொள்கிறது, பரப்பை மாற்றும் முறைகள் யாவை, அவை எந்த அளவுக்குப் பயன் தருகின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பரப்பின் நீர்விரும்பும் தன்மை கூடுவதை மட்டும் குருதி ஒவ்வுமைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது என்பதும், பரப்பில் படியும் புரத அடுக்கே விளைவைத் தீர்மானிக்கிறது என்பதும் இங்கு எடுத்துக்காட்டுகளுடன் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குருதி ஒவ்வுமை, பலபடி, மேற்பரப்பு மாற்றம், மின்மம், சேர்கோணம், ஃபைப்ரினோஜன், குருதித் தட்டுகள், ஹெப்பாரின்

1. முன்னுரை

நரம்பு வழி மருந்து செலுத்தும் மெல்லிய குழாய் முதல் இதய அறுவையின்போது உடலுக்கு வெளியே குருதியைச் சுற்றவிடும் கருவி வரை, இன்றைய மருத்துவம் நெகிழியை நம்பியே நடைபெறுகிறது. பாலிவினைல் குளோரைடு, பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், பாலியூரிதேன், சிலிக்கோன், பாலிடெட்ராஃபுளுரோஎத்திலீன், பாலியெஸ்டர் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் எதுவும் குருதிக்கென உருவாக்கப்பட்டதன்று. மின்கம்பி உறை, துணி இழை, குழாய், பொதியுறை முதலிய தேவைகளுக்காகத் தொழில்துறை உருவாக்கிய பலபடிகளை மருத்துவம் பின்னர் எடுத்துக்கொண்டது.

இப்பொருள்கள் குருதியைத் தொட்டவுடன் உறைதல் தொடங்குகிறது. அதன் விளைவு கருவிக்குக் கருவி வேறுபடும். கதீட்டர் குழாயில் அடைப்பு ஏற்படலாம். செயற்கைக் குருதிக்குழாய் மூடிக்கொள்ளலாம். இதய அடைப்பிதழில் உருவான கட்டி பிரிந்து மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். இவற்றைத் தடுக்க நோயாளிக்கு உறைதல் தடுப்பான் மருந்து தரப்படுகிறது. அம்மருந்து கருவியின் பரப்பில் மட்டும் செயல்படுவதில்லை. உடல் முழுவதும் குருதியின் உறையும் ஆற்றலைக் குறைக்கிறது. எனவே கட்டியால் வரும் ஆபத்தைத் தவிர்க்க முனையும் மருத்துவர், குருதிப்போக்கு என்னும் மற்றோர் ஆபத்தை ஏற்க வேண்டியுள்ளது. கருவியின் பரப்பைக் குருதிக்கு ஒவ்வுமாறு மாற்ற முடிந்தால் இம்மருந்தின் அளவைக் குறைக்கலாம் என்னும் எதிர்பார்ப்பே இத்துறை ஆய்வுகளின் அடிப்படை.

பொருளின் வலிமையும் நெகிழ்வும் அதன் உட்பகுதியைச் சார்ந்தவை. குருதி சந்திப்பதோ அதன் வெளிப்பரப்பை மட்டும். ஆகவே உட்பகுதியை அவ்வாறே விட்டுவிட்டு வெளிப்பரப்பை மட்டும் மாற்றுவது பொருத்தமான வழியாகிறது. ஆனால் எந்தத் திசையில் மாற்றுவது என்பது எளிய வினாவன்று.

2. பரப்பைப் பற்றிய சிந்தனையின் தொடக்கம்

குருதி உடலை விட்டு வெளியேறியதால்தான் உறைகிறது என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. காற்றுப் படுவதும், குளிர்வதும், ஓட்டம் நின்றுபோவதும் காரணங்களாகக் கூறப்பட்டன. ஜோசஃப் லிஸ்டர் 1863இல் நிகழ்த்திய சொற்பொழிவில் இக்கருத்துகளை மறுத்தார். விலங்கின் சிரைத் துண்டுக்குள் அடைக்கப்பட்ட குருதி நெடுநேரம் நீர்மமாகவே இருப்பதையும், அயற்பொருள் ஒன்றைத் தொட்டால் உறைவதையும் அவர் காட்டினார். உறைதலுக்குக் காரணம் அது தொடும் பரப்பு என்னும் கருத்து இவ்வாறு வலுப்பெற்றது.

1880களில் எர்னஸ்ட் ஃபிராய்ண்ட், உட்புறம் வாசலின் பூசப்பட்ட கலத்தில் குருதி உறையாமல் நீடிப்பதைக் கண்டார். பின்னர்ப் பாரஃபின் மெழுகு பூசிய கண்ணாடியும், சிலிக்கோன் பூசிய கண்ணாடியும் ஆய்வகங்களில் பயன்பாட்டுக்கு வந்தன. நீரால் நனையாத பரப்பு குருதிக்கு நல்லது என்னும் எண்ணம் இவற்றால் உறுதிப்பட்டது.

இந்த எண்ணத்தின் வரம்பை ஒரு நோயாளியின் வரலாறு காட்டியது. ஆஸ்கர் ராட்னாஃபும் அவருடன் பணியாற்றியவரும் 1955இல் ஓர் அரிய குறைபாட்டை விவரித்தனர். அந்நோயாளியின் குருதி கண்ணாடிக் குழாயில் மிகத் தாமதமாகவே உறைந்தது. ஆனால் அவருக்குக் குருதிப்போக்கு நோய் எதுவும் இருந்ததில்லை. அவரிடம் குறைவாக இருந்த புரதம் ஹேகமன் காரணி என்றும், பின்னர் பன்னிரண்டாம் உறைதற்காரணி என்றும் பெயர் பெற்றது. எதிர்மின்னூட்டம் கொண்ட கண்ணாடிப் பரப்பு இக்காரணியைச் செயலூட்டுவதாலேயே இயல்பான குருதி அதில் விரைந்து உறைகிறது. கண்ணாடிக் குழாயில் எளிதில் உறையாத குருதியைக் கொண்டிருந்த அந்நோயாளி, 1968இல் நுரையீரல் தமனியைக் குருதிக்கட்டி அடைத்ததால் இறந்தார். ஒரு பரப்பில் நடத்தப்படும் ஒற்றைச் சோதனையின் விளைவைக் கொண்டு உடலுக்குள் நிகழப்போவதை முடிவு செய்ய இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

3. பரப்பில் முதலில் படியும் புரத அடுக்கு

குருதியின் அணுக்கள் நெகிழியை நேரடியாகச் சந்திப்பதில்லை. குருதி பரப்பைத் தொட்ட சில நொடிகளுக்குள் குருதிநீர்மத்திலுள்ள புரதங்கள் அதன்மேல் பரப்புக் கவர்ச்சியால் படிந்துவிடுகின்றன. பின்னர் வந்து சேரும் தட்டுகளும் வெள்ளையணுக்களும் இப்புரத அடுக்கையே பரப்பாக உணர்கின்றன.

குருதிநீர்மத்தில் மிகுதியாக உள்ள புரதம் அல்புமின். ஒரு லிட்டரில் அதன் அளவு 35 முதல் 50 கிராம். ஃபைப்ரினோஜன் அதனினும் மிகக் குறைவாக, லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் அளவில் உள்ளது. சிறியதும் மிகுதியானதுமான அல்புமின் முதலில் பரப்பை அடைகிறது. பின்னர் அதனைவிடப் பரப்பில் வலிமையாகப் பற்றும் புரதங்கள் அதனை இடம்பெயர்க்கின்றன. ஃபைப்ரினோஜனும் தொடர்ந்து வரும் உயர் மூலக்கூறு எடை கொண்ட கினினோஜனால் சில பரப்புகளில் இடம்பெயர்க்கப்படுகிறது. டச்சு மொழிக் கவிஞராகவும் அறியப்பட்ட குருதியியலாளர் லியோ விரோமன் 1962 முதல் வெளியிட்ட ஆய்வுகளால் இத்தொடர் நிகழ்வு தெளிவாயிற்று. இன்று அது விரோமன் விளைவு எனப்படுகிறது.

இவ்வடுக்கில் ஃபைப்ரினோஜனுக்குத் தனியிடம் உண்டு. தட்டின் புறச்சவ்வில் உள்ள ஏற்பிகள் பரப்பில் படிந்த ஃபைப்ரினோஜனைப் பற்றிக்கொள்கின்றன. கரைசலில் மிதக்கும் ஃபைப்ரினோஜனைச் செயலூட்டப்படாத தட்டு பற்றுவதில்லை. பரப்பில் படியும்போது மூலக்கூறு விரிந்து வடிவம் மாறுவதால் மறைந்திருந்த பகுதிகள் வெளிப்படுவதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். எனவே எவ்வளவு ஃபைப்ரினோஜன் படிந்தது என்பதோடு, எந்த வடிவில் படிந்தது என்பதும் முக்கியமானது.

அளவைப் பொறுத்தும் ஓர் எச்சரிக்கை தேவை. முழுமையான ஃபைப்ரினோஜன் அடுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு நானோகிராம் எடை கொண்டது. ஆனால் தட்டுகள் ஒட்டிக்கொள்ள ஏறத்தாழ 10 நானோகிராம் போதுமானது என்பது ஆய்வுகளால் அறியப்படுகிறது. சான்றாக, 400 நானோகிராம் படியும் பரப்பு ஒன்றை மாற்றியமைத்துப் படிவை 90 விழுக்காடு குறைத்தாலும் 40 நானோகிராம் எஞ்சும். புரதப் படிவு பெருமளவு குறைந்தது என்னும் முடிவு உண்மையாகவே இருக்கும். தட்டுகள் ஒட்டுவதோ தொடரும்.

4. சேர்கோணம் சொல்வதும் சொல்லாததும்

மேற்பரப்பு மாற்ற ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படும் அளவீடு நீரின் சேர்கோணம். பரப்பில் வைக்கப்பட்ட நீர்த்துளி பரவினால் கோணம் குறைவு. உருண்டு நின்றால் கோணம் மிகுதி. பாலிடெட்ராஃபுளுரோஎத்திலீன் பரப்பில் இது ஏறத்தாழ 110 பாகை. பாலிஎத்திலீனில் 95 முதல் 100 பாகை வரை. எளிய கருவியால் சில நிமிடங்களில் அளக்கக்கூடியது என்பதால் ஆய்வகங்கள் இதனை விரும்புகின்றன.

ஆனால் குருதி ஒவ்வுமைக்கு உகந்த சேர்கோணம் எது என்பதில் கோட்பாடுகளே ஒன்றுபடவில்லை. ராபர்ட் பேயர், மாறுநிலைப் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 20 முதல் 30 மில்லிநியூட்டன் வரை உள்ள பரப்புகளில் உயிர்ப்பொருள் ஒட்டுதல் குறைவு என்றார். சிலிக்கோன் போன்ற நீர்வெறுக்கும் பரப்புகள் இவ்வெல்லைக்குள் வருகின்றன. ஜோசஃப் ஆண்ட்ராடே 1973இல் வேறொரு கருத்தை முன்வைத்தார். பரப்புக்கும் நீருக்கும் இடைப்பட்ட ஆற்றல் சுழியை நெருங்கும்போது புரதங்கள் படிவதற்கான உந்துதல் குறையும் என்பது அவர் கருத்து. நீரை மிகுதியாக உள்வாங்கும் கூழ்மப் பரப்புகளை இது சுட்டுகிறது. ஒரு கோட்பாடு நீரை விலக்கும் பரப்பையும் மற்றொன்று நீரை ஏற்கும் பரப்பையும் பரிந்துரைப்பதால், சேர்கோணம் ஒன்றைக்கொண்டு தீர்ப்பு வழங்க இயலாமற் போகிறது.

நீர்விரும்பும் பரப்பு தானாகவே நல்லதாகிவிடாது என்பதற்குச் சிறுநீரகச் சிகிச்சை தெளிவான சான்று தருகிறது. டயாலிசிஸ் கருவிகளில் நெடுங்காலம் பயன்பட்ட குப்ரோஃபான் என்னும் செல்லுலோஸ் படலம் நன்கு நனையக்கூடியது. எனினும் சிகிச்சை தொடங்கிய முதல் அரைமணி நேரத்துக்குள் நோயாளியின் குருதியில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை கடுமையாகச் சரிந்து, பின்னர் மீண்டது. செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதிகள் குருதியின் நிரப்புப் புரத அமைப்பைச் செயலூட்டுவதும், அதனால் தூண்டப்பட்ட வெள்ளையணுக்கள் நுரையீரலின் நுண்குழல்களில் தங்கிவிடுவதும் இதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. ஹைட்ராக்சில் தொகுதிகளுள் பலவற்றை அசெட்டைல் தொகுதிகளால் மறைத்தபோது இவ்விளைவு குறைந்தது. குருதிக்குப் பரப்பின் நனையுந்தன்மையைவிட அதிலுள்ள வேதித்தொகுதி எது என்பதே முக்கியமாயிருந்தது.

5. மின்ம முறையில் பரப்பை மாற்றுதல்

நெகிழிப் பரப்பை மாற்றும் முறைகளுள் இன்று பரவலாகப் பயன்படுவது தாழ்வெப்ப மின்ம முறை. இங்குக் கலைச்சொல் பற்றிய விளக்கம் ஒன்று தேவைப்படுகிறது. பிளாஸ்மா என்னும் சொல் குருதியின் நீர்மப் பகுதியையும் அயனியாக்கப்பட்ட வளிமத்தையும் ஒருசேரக் குறிக்கிறது. வளிமத்துக்கு அப்பெயரை 1928இல் இட்டவர் இர்விங் லாங்மூர். அணுக்களைச் சுமந்து செல்லும் குருதிநீர்மத்தை நினைவூட்டியதால் அவர் அச்சொல்லைத் தேர்ந்தார் என்று அவருடன் பணிபுரிந்தவர் பின்னர்ப் பதிவு செய்துள்ளார். இரண்டும் ஒரே கட்டுரையில் இடம்பெறும் இத்துறையில் குழப்பம் நேராதிருக்க, இங்கு முன்னது குருதிநீர்மம் என்றும் பின்னது மின்மம் என்றும் வழங்கப்படுகின்றன.

வெற்றிடத்தை அணுகும் குறைந்த அழுத்தத்தில் வளிமத்தை நிரப்பி, அதன் வழியே உயர் அதிர்வெண் மின்னாற்றலைச் செலுத்தினால் மின்மம் உருவாகிறது. அதிர்வெண் பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்சு. மின்மத்திலுள்ள எலக்ட்ரான்களின் ஆற்றல் சில எலக்ட்ரான் வோல்ட்டுகள். கார்பன் அணுக்களுக்கிடையிலான ஒற்றைப் பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். வளிமமோ அறை வெப்பநிலைக்கு அருகிலேயே இருக்கிறது. ஆகவே நெகிழி உருகாமல் அதன் பரப்பிலுள்ள பிணைப்புகள் மட்டும் முறிகின்றன. மாற்றம் சில நானோமீட்டர் ஆழத்துக்கு மேல் செல்வதில்லை.

பயன்படுத்தும் வளிமத்தைப் பொறுத்து விளைவு வேறுபடும். ஆக்சிஜன் மின்மம் ஹைட்ராக்சில், கார்பனைல், கார்பாக்சில் தொகுதிகளைப் பரப்பில் பதிக்கிறது. அம்மோனியா மின்மம் அமீன் தொகுதிகளைத் தருகிறது. ஆர்கான் மின்மம் தனியுறுப்புகளை உருவாக்குகிறது. காற்றுப் பட்டதும் அவை பெராக்சைடுகளாகி, பின்னர் வேறு மூலக்கூறுகளைப் பரப்பில் வளர்ப்பதற்குத் தொடக்கப் புள்ளிகளாக அமைகின்றன.

மின்மத்தால் பெறப்படும் பரப்பைப் பெரும்பாலும் இறுதிப் பரப்பாகக் கொள்ளாமல், அடுத்த மூலக்கூறு பற்றிக்கொள்வதற்கான தளமாகவே கொள்ள வேண்டும். பாலிஎத்திலீனுக்கும் பாலிபுரொப்பிலீனுக்கும் வேதிவினைக்கு உகந்த தொகுதிகள் இயல்பாக இல்லை. அவற்றின்மீது மருந்து மூலக்கூறு ஒன்றை உறுதியாகப் பிணைக்க, முதலில் அத்தகைய தொகுதிகளை உருவாக்கியாக வேண்டும்.

6. மூவகை அணுகுமுறைகள்

6.1 புரதத்தை விலக்கும் பரப்பு

பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலிகளைப் பரப்பில் நெருக்கமாக ஒட்டினால், அவை நீரை ஏற்று நெகிழ்ந்து அசைகின்றன. அணுகும் புரதம் அச்சங்கிலிகளை அழுத்தவும் அவற்றிலுள்ள நீரை வெளியேற்றவும் வேண்டியிருப்பதால் விலக்கப்படுகிறது. சங்கிலிகளின் நீளமும் நெருக்கமும் போதாவிடில் இடைவெளிகளில் புரதம் படிந்துவிடும். இச்சங்கிலிகள் காலப்போக்கில் ஆக்சிஜனேற்றத்தால் சிதைவதும் இம்முறையின் குறை.

சிவப்பணுவின் புறச்சவ்வைப் பின்பற்றியது மற்றொரு முறை. சவ்வின் வெளியடுக்கில் பாஸ்ஃபோரைல்கோலின் தலைப்பகுதி கொண்ட கொழுமங்கள் மிகுந்துள்ளன. உள்ளடுக்கிலுள்ள பாஸ்ஃபாட்டிடைல்செரின் வெளிப்பட்டால் உறைதல் விரைவடைகிறது. ஆகவே வெளியடுக்கின் தலைப்பகுதியைப் பலபடியில் இணைக்கும் முயற்சி ஜப்பானில் நகபயாஷி, இஷிஹாரா ஆகியோரால் மேற்கொள்ளப்பட்டது. இத்தலைப்பகுதியில் நேர், எதிர் மின்னூட்டங்கள் இரண்டும் இருப்பதால் மொத்த மின்னூட்டம் சுழி. அவர்கள் உருவாக்கிய பலபடி, ஜப்பானில் உருவான எவாஹார்ட் என்னும் இதயத் துணைக்கருவியின் குருதி தொடும் பரப்பில் பூசப்பட்டுள்ளது.

6.2 உறைதலைத் தடுக்கும் மூலக்கூறு பிணைந்த பரப்பு

இரண்டாம் அணுகுமுறை, புரதத்தை விலக்குவதற்கு மாறாக, உறைதல் வினையைப் பரப்பிலேயே தடுப்பது. 1916இல் கண்டறியப்பட்ட ஹெப்பாரின் இதற்கு முதன்மையாகப் பயன்பட்டது. குருதியில் இயல்பாக உள்ள ஆன்டித்ராம்பின் என்னும் புரதம் த்ராம்பினை முடக்கும் வினையை ஹெப்பாரின் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு விரைவுபடுத்துகிறது. வினை முடிந்ததும் ஹெப்பாரின் விடுபட்டு மீண்டும் செயலாற்றுகிறது.

வின்சென்ட் காட் குழுவினர் 1963இல் கிராஃபைட் பூச்சின்மீது ஹெப்பாரினைப் பிணைத்துக் காட்டினர். அப்பிணைப்பு மின்னூட்டக் கவர்ச்சியால் ஆனது. குருதியின் உப்புகள் படிப்படியாக ஹெப்பாரினைக் கழற்றிவிட்டன. சகப்பிணைப்பால் உறுதியாக ஒட்டியபோது வேறொரு சிக்கல் எழுந்தது. மூலக்கூறு பல இடங்களில் கட்டுண்டதால் ஆன்டித்ராம்பினைப் பற்றும் பகுதி செயலிழந்தது. 1983இல் ஸ்வீடனின் லார்ம், லார்சன், ஓல்சன் ஆகியோர் இதற்குத் தீர்வு கண்டனர். நைட்ரஸ் அமிலத்தால் ஹெப்பாரின் சங்கிலியின் ஒரு முனையில் மட்டும் ஆல்டிஹைடு தொகுதியை உருவாக்கி, அம்முனையை மட்டும் அமீன் தொகுதி கொண்ட பரப்பில் பிணைத்தனர். எஞ்சிய சங்கிலி குருதிக்குள் நீண்டு அசைவதால் அதன் செயல் நிலைத்தது. கார்மீடா என்னும் பெயரில் இம்முறை செயற்கைக் குருதிக்குழாய்களிலும் உடலுக்கு வெளியே குருதியைச் செலுத்தும் சுற்றுகளிலும் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே மூலக்கூறு, ஒரே பரப்பு; பிணைக்கப்பட்ட விதம் மாறியதால் பயன் மாறியது.

6.3 உயிரணுக்கள் படரும் பரப்பு

குருதிக் குழாயின் உட்படல உயிரணுக்கள் நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாசைக்ளின் ஆகியவற்றை இடைவிடாது சுரந்து தட்டுகளை அமைதிப்படுத்துகின்றன. ஹெப்பாரன் சல்ஃபேட், த்ராம்போமாடுலின் ஆகியவற்றைத் தம் பரப்பில் தாங்கி உறைதலைக் கட்டுப்படுத்துகின்றன. இவ்வுயிரணுக்களே நெகிழியின்மீது படர்ந்தால் சிக்கல் தீரும் என்பது மூன்றாம் அணுகுமுறை. ஆர்தர் வூர்ஹீஸ் 1947இல் நாயின் இதயத்துக்குள் விடப்பட்ட பட்டு நூலின்மீது பளபளப்பான படலம் படர்ந்திருப்பதைக் கண்டு, துணிக் குழாயைத் தமனிக்கு மாற்றாக்கலாம் எனக் கருதினார். 1952இல் வெளியான அவ்வாய்வு செயற்கைக் குருதிக்குழாய்களின் தொடக்கமாயிற்று. ஆனால் மனிதரில் இப்படலம் தையல் முனையிலிருந்து 1 அல்லது 2 சென்டிமீட்டருக்கு மேல் படர்வது அரிது. 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த விட்டமுடைய செயற்கைக் குழாய்கள் இன்றும் நோயாளியின் சொந்தச் சிரைக்கு ஈடாகாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. மாற்றிய பரப்பின் நிலைப்பு

மின்மத்தால் மாற்றப்பட்ட பரப்பு அப்படியே நிலைத்து நிற்பதில்லை. பலபடிச் சங்கிலிகள் அசையும் தன்மையன. காற்றில் வைக்கப்பட்ட பரப்பில், நீர்விரும்பும் தொகுதிகள் உள்நோக்கித் திரும்பிக்கொள்ள, மாற்றப்படாத பகுதிகள் வெளிவருகின்றன. சிலிக்கோனில் இது குறிப்பிடத்தக்க விரைவில் நிகழ்கிறது. மாற்றிய அன்றே அளந்த சேர்கோணமும், சில நாள்கள் கழித்து அளந்த சேர்கோணமும் இதனால் வேறுபடுகின்றன. மருத்துவக் கருவி தொழிற்சாலையிலிருந்து நோயாளியை அடைய மாதங்கள் ஆகலாம் என்பதால் இவ்வேறுபாட்டைப் புறக்கணிக்க இயலாது.

கிருமிநீக்கம் மற்றொரு தடை. 121 பாகை செல்சியஸ் நீராவி, எத்திலீன் ஆக்சைடு வளிமம், 25 கிலோகிரே அளவிலான காமாக் கதிர் ஆகியவற்றுள் ஒன்றைக் கருவி கடந்தாக வேண்டும். ஒவ்வொன்றும் பரப்பின் வேதியியலை மாற்றக்கூடியது. கிருமிநீக்கத்துக்கு முன்பு மட்டும் சோதிக்கப்பட்ட பரப்பு, நோயாளியின் குருதி சந்திக்கப்போகும் பரப்பாகாது.

அளவீட்டுக் கருவிகளின் ஆழமும் கருதத்தக்கது. சேர்கோணம் மேலடுக்கில் ஒரு நானோமீட்டர் அளவிலான பகுதியை உணர்கிறது. எக்ஸ் கதிர் ஒளியெலக்ட்ரான் நிறமாலை ஏறத்தாழ 10 நானோமீட்டர் வரை காண்கிறது. முழு அகப் பிரதிபலிப்பு முறையிலான அகச்சிவப்பு நிறமாலையோ ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டிய ஆழத்தைச் சராசரியாக்குகிறது. மெல்லிய மாற்றம் அகச்சிவப்பு நிறமாலையில் தென்படாமற் போவதும், இரு கருவிகளின் முடிவுகள் முரண்படுவதும் இதனால் நேர்கின்றன.

8. சோதனை முறைகளின் வரம்புகள்

குருதி ஒவ்வுமைச் சோதனைகளுக்கான பன்னாட்டு நெறி ஐ.எஸ்.ஓ. 10993-4. உறைதல், தட்டுகள், சிவப்பணுச் சிதைவு, நிரப்புப் புரத அமைப்பு முதலிய கூறுகளைத் தனித்தனியே ஆராய அது வழிகாட்டுகிறது. ஆய்வேடுகளில் இவற்றுள் ஒன்றோ இரண்டோ மட்டும் இடம்பெறுவது உண்டு. சிவப்பணுச் சிதைவு 2 விழுக்காட்டுக்குக் குறைவு என்பது பொருள் சிவப்பணுவைச் சிதைப்பதில்லை என்று மட்டுமே பொருள்படும். குருதி அதில் உறையாது என்பதாகாது.

தட்டு ஒட்டுதல் சோதனையில் பரப்பு பெரும்பாலும் அசையாக் குருதிநீர்மத்தில் வைக்கப்படுகிறது. அக்குருதிநீர்மம் சிட்ரேட் கலந்தது. சிட்ரேட் கால்சியத்தைப் பிணைத்துவிடுவதால், உறைதல் வினைத்தொடர் அடக்கப்பட்ட நிலையிலேயே சோதனை நடைபெறுகிறது. தமனியில் ஓடும் குருதியின் சறுக்குத் தகைவும் அங்கு இல்லை. குழாயில் தங்கும் காற்றுக் குமிழியின் பரப்பில்கூடப் புரதங்கள் படிந்து உருமாறுவதால், அதுவும் முடிவைத் திரிக்கக்கூடும்.

இவற்றினும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. தட்டுகள் ஒட்டாத பரப்பு தட்டுகளைப் பாதிக்காத பரப்பு என்று கொள்ள முடியாது. ஹான்சன், ஹார்க்கர், ராட்னர், ஹாஃப்மன் ஆகியோர் பபூன் குரங்குகளில் தமனியையும் சிரையையும் இணைக்கும் குழாய்களை வைத்துச் செய்து 1980இல் வெளியிட்ட ஆய்வு இதனை உணர்த்தியது. நீரை மிகுதியாக ஏற்கும் கூழ்மம் ஒட்டப்பட்ட குழாய்களில், நீரளவு கூடக் கூட விலங்கின் தட்டுகள் அழியும் வீதமும் கூடியது. பரப்பில் தட்டுகள் தங்கவில்லை. பரப்பைத் தொட்டுச் செயலூட்டப்பெற்றுக் குருதியோடு கடந்து சென்று அழிந்தன. பரப்பின் நுண்ணோக்கிப் படத்தை மட்டும் கண்டவர் அதனை மிகச் சிறந்த பரப்பு என்றே முடிவு செய்திருப்பார். எனவே பரப்பில் எஞ்சியதை எண்ணுவதோடு, கடந்து சென்ற குருதியில் தட்டுகளின் எண்ணிக்கையையும் அவற்றின் செயலூட்ட அடையாளங்களையும் அளப்பது இன்றியமையாதது.

9. கருவி, காலம், குருதியோட்டம்

குருதிக்கட்டிக்குக் குழாய்ச்சுவர், குருதியோட்டம், குருதியின் தன்மை ஆகிய மூன்றும் காரணமாகின்றன என்பது 19ஆம் நூற்றாண்டின் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரால் வழங்கும் கருத்து. பரப்பு இவற்றுள் ஒன்று மட்டுமே. ஒரு பொருள் குருதிக்கு ஒவ்வுமா என்னும் வினாவுக்கு, எந்தக் கருவியில், எவ்வளவு காலத்துக்கு, எத்தகைய ஓட்டத்தில் என்பவற்றைக் கூறாமல் விடையளிக்க இயலாது.

குருதிப் பை இதற்கு எளிய சான்று. அதன் பாலிவினைல் குளோரைடு பரப்பு உறைதலைத் தடுப்பதில்லை. பையிலுள்ள சிட்ரேட் கரைசலே தடுக்கிறது. நெகிழியை மென்மையாக்கச் சேர்க்கப்படும் தாலேட் சேர்மம் குருதியில் கசிவது நச்சியல் நோக்கில் கவலைக்குரியது. அதே சேர்மம் சிவப்பணுச் சவ்வில் கலந்து சேமிப்பின்போது அதன் சிதைவைக் குறைக்கிறது. அச்சேர்மத்தை நீக்குவது எளிதாக அமையாததற்கு இந்த இருமுகத் தன்மையும் ஒரு காரணம்.

திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய இதய அடைப்பிதழ் மற்றொரு சான்று. 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டுப் பின்னர் சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. நிறுவனத்தால் விற்பனைக்கு வந்த அதன் சாய்வட்டு, மிகை மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனால் ஆனது. தேய்மானத்தைத் தாங்குவதற்காகவே அப்பொருள் தேர்ந்தெடுக்கப்பட்டது. வட்டின் இயக்கமும் குருதியோட்டமும் தேக்கத்தைக் குறைக்குமாறு வடிவமைக்கப்பட்டன. ஆயினும் பிற இயந்திர அடைப்பிதழ்களைப் போலவே, இதனைப் பெற்ற நோயாளியும் வாழ்நாள் முழுவதும் உறைதல் தடுப்பான் மாத்திரை உட்கொள்ள வேண்டும். குருதிச் சோதனை செய்து மருந்தளவைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து வரும் நோயாளிக்கு இச்சோதனையே பெருஞ்சுமை. மேற்பரப்பு ஆய்வுகள் குறைக்க வேண்டிய சுமை இத்தகையது.

10. முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

குருதி சந்திப்பது நெகிழியின்மீது படிந்த புரத அடுக்கையே. எனவே மேற்பரப்பு மாற்றத்தின் வெற்றியை அவ்வடுக்கின் அளவும் வடிவமும் கொண்டே மதிப்பிட வேண்டும்.

சேர்கோணம் பரப்பு மாறியதற்குச் சான்று. குருதி ஒவ்வுமைக்குச் சான்றாக அதனைத் தனித்துக் கொள்ள இயலாது. செல்லுலோஸ் படலமும் கூழ்மக் குழாய்களும் இதனைத் தெளிவாக்குகின்றன.

மூலக்கூறு பரப்பில் இருப்பது மட்டும் போதாது. அது எம்முனையில், எவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே செயல்படுகிறது என்பதை ஹெப்பாரின் ஆய்வுகளின் வளர்ச்சி காட்டுகிறது.

பரப்பை மாற்றிய அன்று எடுக்கும் அளவீடுகளோடு, காலத்துக்கும் கிருமிநீக்கத்துக்கும் பின்னர் எடுக்கும் அளவீடுகளும் தரப்பட வேண்டும். அசையாக் குருதிநீர்மத்தில் பெறும் முடிவுகளை ஓடும் குருதியில் சரிபார்க்க வேண்டும்.

பல்கலைக்கழக ஆய்வகங்களில் மின்மக் கருவியும் சேர்கோணமானியும் கிடைப்பது முன்பைவிட எளிதாகியுள்ளது. ஓடும் குருதியில் சோதனை நிகழ்த்தும் வாய்ப்போ இயற்பியல், வேதியியல் துறைகளுக்குத் தனியே அமைவது அரிது. குருதியியல் துறையுடனும் மருத்துவக் கல்லூரியுடனும் இணைந்து ஆய்வைத் திட்டமிடும்போது மட்டுமே, மாற்றியமைத்த பரப்பு ஒன்று ஆய்வேட்டிலிருந்து நோயாளியின் பயன்பாட்டை நோக்கி நகரும்.